மூக்குக்கு எட்டாதது

ஜன்னல்களையெல்லாம் சாத்திக் கொக்கி மாட்டிய பிறகு வீடு ஒரு சுற்றுச் சிறுத்துவிட்டதுபோல் ஞானதுரைக்குத் தோன்றியது. கூடத்தில் ரோட்டைப் பார்த்த ஜன்னல்கள், படுக்கையறை ஜன்னல், கடைசியாகச் சமையலறையில் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே இருந்த, சாத்தவே சாத்தாத அந்தச் சின்ன ஜன்னல். அதன் கொக்கி துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது, உள்ளங்கையால் தட்டித் தட்டித்தான் இறக்க வேண்டியிருந்தது. காலையில் ஹெப்சிபா குடையை எடுத்துக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பும்போது வாசற்படியில் நின்று சொல்லிவிட்டுப் போனது அதைத்தான். "காய்ச்சுங்க. வேண்டாம்னு நான் சொல்லல. ஆனா நான் வீட்ல இருக்கும்போது வேண்டாம். ஜன்னலத் தொறந்து போட்டுக்கிட்டும் வேண்டாம். கீழ்வீட்டு ரோஸ்லின் டீச்சர் மூக்குக்கு ஒண்ணு எட்டிச்சுன்னா, ஞாயித்துக்கெழம சபை பூரா எட்டிரும்." வீட்டில் பீர் காய்ச்சுவதைச் சட்டம் ஒத்துக்கொள்ளாது என்பதும் அவளுக்குத் தெரியும், ஆனால் அவள் பயந்தது போலீஸுக்கு இல்லை, பாடகர் குழுவில் தனக்குப் பக்கத்தில் நிற்கிற அந்த டீச்சருடைய பார்வைக்கு. அறுப்பின் பண்டிகை நெருங்குவதால் இன்று முழுக்க ஒத்திகை, சாப்பாடும் அங்கேயே. அவள் போன கையோடு அவர் வேலையை ஆரம்பித்துவிட்டார். மால்ட் என்று மகள் ஜெமிமா பெங்களூரிலிருந்து அனுப்பியிருந்த, முளைகட்டி வறுத்த வாற்கோதுமையை உடைத்து, வெந்நீரில் ஊறவைத்து, வடித்து, அந்தப் பழுப்புத் தண்ணீரில் கருப்பட்டியைத் தட்டிப் போட்டு, கசப்புக்கு ஹாப்ஸ் பூவைத் தூவி, பெரிய எவர்சில்வர் பானையை இப்போதுதான் அடுப்பில் ஏற்றியிருந்தார். ஊறவைக்கிறவரை பயமில்லை, கொதிக்கத் தொடங்கினால்தான் வாடை தெருவுக்குப் போகும் என்று ஜெமிமா போனில் எச்சரித்திருந்தாள். வாடை. என்ன வாடை? சாதம் வடிக்கும் வாடையா, சீம்பால் காய்ச்சும் வாடையா, மழையில் நனைந்த வைக்கோலா? ஆவி அவர் முகத்தில் அடித்துக் கண்ணாடியை மூடியது. ஈரம் தெரிந்தது. சூடு தெரிந்தது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

மேஜையில் ஜாடி இருந்தது. ஓக் மரச்சில்லுகளை ரம்மில் ஊறப்போட்டு மாதம் ஒன்றுக்கு மேல் ஆகிறது. பீர் புளித்து அடங்கிய பின் அதைச் சேர்க்க வேண்டும், கனமான ஜாதி பீர் இது, ஏல் என்பார்கள், கிறிஸ்துமஸ் வரைக்கும் மெதுவாக முதிரும். சில்லு அதிகம் ஊறினால் மரம் முந்திக்கொண்டு கசந்துவிடும், நடுவில் முகர்ந்து பார்த்துக்கொண்டே இருங்கப்பா, உங்க மூக்குக்கு நான் சொல்லணுமா என்று ஜெமி சிரித்திருந்தாள். மூடியைத் திருகி மூக்கைக் கொண்டுபோனார். சுருக்கென்று ஒரு குத்தல் மூக்குத்தண்டில் ஏறியது, கண் கலங்கியது. அந்தக் குத்தல் வரும். கிராம்பைக் கடித்தால் மரத்துப்போவது தெரியும், தைலத்தின் குளிர்ச்சி தெரியும், மிளகின் எரிச்சல் தெரியும். எல்லாப் பொருளும் வாசலில் வந்து கதவைத் தட்டிவிட்டு முகம் காட்டாமல் போய்விடுகிறது. அவர் கண்ணை மூடி, ரம் எப்படி இருக்கும் என்று ஞாபகத்திலிருந்து இழுத்துப் பார்த்தார். வெல்லப்பாகு, கரிந்த ஓரம், கொஞ்சம் பழுத்த வாழை. ஞாபகம் வந்தது; ஆனால் மணம் வரவில்லை, அந்த மணத்துக்குத் தான் சொல்லிவந்த வார்த்தைகள்தான் வந்தன. இது எத்தனை நாளைக்கு? வார்த்தையும் ஒருநாள் காய்ந்து உதிர்ந்துவிடாதா? ஜூன் மாதக் காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி ருசிக்கவில்லை, காய்ச்சல் வாய் என்று நினைத்தார். காய்ச்சல் விட்டு ஆபீஸுக்குப் போன முதல் நாள், நீளமேஜையில் வெள்ளைக் கிண்ணங்கள் வரிசையாக, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு தோட்டத்துத் தேயிலை, பின்னால் ஏலக் கம்பெனியின் பையன்கள் பேனாவோடு. கரண்டியில் எடுத்து, காற்றோடு சேர்த்துச் சத்தமாக உறிஞ்சி, வாயில் உருட்டி, துப்பினார். வெந்நீர். அடுத்த கிண்ணம். வெந்நீர், கொஞ்சம் துவர்ப்போடு.  எல்லோரும் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "உசுரு இருக்கு," என்றார். தேயிலையை ருசி பார்த்துத் தரம் சொல்லும் வேலையில் முப்பது வருஷமாக அவர் சொல்லிவந்த வார்த்தை; நல்ல தேயிலைக்கு உசுரு இருக்கு, மட்டமானதற்கு உசுரு இல்லை, குன்னூரில் அதற்கு மேல் யாரும் கேட்கமாட்டார்கள். எழுதிக்கொண்டார்கள். அவ்வளவு சுலபமாக இருந்தது. சுலபமாக இருந்ததுதான் இன்றுவரை ஆறவில்லை. யாராவது ஒருவன், சார், இன்னொரு தடவை பாருங்க என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே உண்மை வெளியே விழுந்திருக்கும். யாரும் சொல்லவில்லை. நிறத்தைப் பார்த்தார், இலையின் முறுக்கைப் பார்த்தார், நாக்கில் படும் துவர்ப்பைப் பார்த்தார், தோட்டத்தின் பெயரைப் பார்த்தார். மீதியை அவருடைய பெயரே பார்த்துக்கொண்டது.

போன கிறிஸ்துமஸுக்கு ஜெமி இதே பீரில் ஒரு பாட்டில் கொண்டுவந்திருந்தாள். பெங்களூரில் பீர் காய்ச்சும் இடத்தில் வேலைக்குச் சேர்ந்து அப்போது ஒரு வருஷம். அந்த ஒரு வருஷமும் ஹெப்சிபா அவளோடு போனில் சாப்பிட்டியா, மழையா, சரி வைக்கிறேன் என்பதற்கு மேல் பேசியதில்லை. உபதேசியார் பேத்தி சாராயம் காய்ச்சப் போயிருக்கா என்று ஒரே ஒருமுறை சொன்னாள், கத்தாமல் சொன்னாள், சொல்லிவிட்டு ஜெபப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அப்பாவும் மகளும் கார் ஷெட்டுக்குள் போய்த்தான் அந்தப் பாட்டிலைத் திறந்தார்கள். இரண்டு டம்ளர். அவர் உடனே குடிக்கவில்லை, முகர்ந்தார். அன்னாசி. கிராம்பு, ஜாதிபத்திரி, பட்டை கொஞ்சம். அப்புறம் மரம், ஈர மரம் இல்லை, வெயிலில் காய்ந்த பழைய பீப்பாய். அப்புறம் எல்லாவற்றுக்கும் அடியில் ஒன்று ஒளிந்திருந்தது, பிடிபடாமல் நழுவியது, அவர் டம்ளரைச் சுற்றி மூன்றாவது தடவை மூக்கை விட்டு, "ஓலைக்கொட்டான்," என்றார். "கருப்பட்டி வச்ச ஓலைக்கொட்டான்." ஜெமி கைதட்டிவிட்டாள். "ப்பா! கருப்பட்டி போட்டேன்னு நான் யார்கிட்டயுமே சொல்லலப்பா. எங்க தலைமை ஆளுக்கே தெரியல." கார் ஷெட்டின் மங்கல் வெளிச்சத்தில் அவள் முகம் பத்து வயது முகமாக இருந்தது. அந்த முகத்துக்காகத்தான் இந்த வருஷம் சரி என்று சொன்னார். இல்லை, சரி என்று சொன்னது ஏப்ரலில், மூக்கு இருந்தபோது. பர்லியாரில் தாட்பூட் பழமும் அன்னாசியும் ஜாதிக்காயும் அங்கேயே கிடைக்குமே, நீங்களே ஒண்ணு காய்ச்சுங்கப்பா, நான் வந்து குடிச்சுப் பார்க்கிறேன், அப்பாவோட ஏல் என்று ஜெமிதான் கேட்டிருந்தாள். ஜூனுக்குப் பிறகு வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். முதுகு வலி என்று சொல்லியிருக்கலாம், அம்மா ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லியிருக்கலாம், அதை அவள் உடனே நம்பியிருப்பாள். சொல்லவில்லை. அவளுக்கு மட்டும் பொய் சொல்ல வாய் வரவில்லை. அதற்குப் பதில் இந்தப் பெரிய பொய்யை ஒரு பானை நிறையக் காய்ச்சிக்கொண்டிருக்கிறார். அவள் வருவாள், ஒரு மடக்கு குடிப்பாள், அவர் முகத்தைப் பார்ப்பாள். அவள் மூக்கு அவருடைய மூக்கு. ஒரு மடக்கில் அவளுக்குத் தெரிந்துவிடும்.

சட்டென்று சீறல் கேட்டுத் திரும்பினார். பானை பொங்கிவிட்டிருந்தது. பழுப்பு நுரை விளிம்பைத் தாண்டி நாலு பக்கமும் வழிந்து அடுப்பு மேலெல்லாம் ஓடியது. ஓடிப்போய்க் குமிழைத் திருகிக் குறைத்து, கரண்டியால் அடித்து நுரையை உள்ளே தள்ளி, கரித்துணியால் மேடையைத் துடைத்தார், விரலைச் சுட்டுக்கொண்டார். அடிவரை கரண்டியை விட்டுக் கலக்கியபோது ஒரு இடத்தில் சொரசொரவென்று தட்டியது, கருப்பட்டி அடியில் உட்கார்ந்திருக்குமோ. நுரை அடங்கியது. ஆவி மட்டும் மெல்ல எழுந்துகொண்டிருந்தது. கவனமாக இருக்க வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கவனம்தான் இனி மூக்கு. அந்த நேரத்தில் மழை வந்தது, குன்னூரின் ஐப்பசி மழை, முன்னறிவிப்பில்லாமல் பின்கட்டுத் தகரத்தின் மேல் மொத்தமாகக் கொட்டியது. அதற்குப் பிறகு வீட்டுக்குள் வேறு சத்தம் இல்லை. அவர் மேஜைக்குத் திரும்பி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பழங்களை எடுத்தார். பழம் இன்றைக்குப் போடுவதில்லை, புளிக்கத் தொடங்கிய பிறகுதான். ஆனாலும் சதையை எடுத்துக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டால் ஒரு வேலை முடியும். தாட்பூட் பழத்தின் ஊதாத் தோல் சுருங்கியிருந்தது, சுருங்கினால்தான் பழுத்தது என்று அர்த்தம். இரண்டாக வெட்டினார், மஞ்சள் சாறு கட்டைவிரலில் வழிந்தது, கறுப்பு விதைகள் வழவழவென்று. வாயில் வைத்தார். புளிப்பு, இனிப்பு. இவ்வளவுதானா இந்தப் பழம்? ஒரு குழந்தை கணக்குப் பலகையில் போடும் கோடுகள் மாதிரி, புளிப்பு, இனிப்பு, முடிந்தது. இந்தப் பழத்தை வெட்டினால் அடுத்த அறையில் இருப்பவர்கூட யார் வெட்டினது என்று கேட்டுக்கொண்டு வருவார்.

ஜெமி கைக்குழந்தையாக இருந்தபோது காய்ச்சல் வருவதை அவர்தான் முதலில் சொல்லுவார். உச்சந்தலையில் மூக்கை வைத்தால் போதும். ஹெப்சிபா தெர்மாமீட்டரை உதறிவிட்டு, ஒன்றுமில்லையே என்பாள். சாயங்காலம் உடம்பு கொதிக்கும். உங்களுக்கு நாய் மூக்கு என்று சிரிப்பாள். அப்போதெல்லாம் அவள் நிறையச் சிரித்தாள். இப்போது அவரிடம் அவள் பேசும்போது வாக்கியங்கள் குட்டையாகிவிட்டன, ஜெமியோடு பேசுகிற மாதிரி ஆகிவிட்டன. போன மாதம் ஒரு சனிக்கிழமை குளித்துவிட்டு ஈரத்தலையோடு அவர் பக்கத்தில் வந்து நின்றாள், பேப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தார், நின்றுகொண்டே இருந்தாள். "என்ன?" என்றார். "ஒண்ணும் வித்தியாசம் தெரியலயா?" புடவையைப் பார்த்தார், அதே பச்சை. காதைப் பார்த்தார், அதே கல். "புடவை நல்லா இருக்கு," என்றார். அவள் ஒரு நிமிஷம் அவரைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். பிறகு குளியலறையில் புதுச் சோப்பைப் பார்த்தார். கல்யாணம் ஆன நாளிலிருந்து போட்டுவந்த சந்தன சோப்பை அவள் மாற்றியிருந்தாள். எதற்கு மாற்றினாள்? அவர் கவனிக்கிறாரா என்று பார்க்கவா, சும்மாவா? கேட்க முடியாது. கேட்டால் அடுத்த கேள்வி வரும். அந்தச் சோப்பை எடுத்து மூக்கோடு வைத்து அழுத்தி, வழுக்கும் கட்டியை முகர்ந்து முகர்ந்து, கடைசியில் நாக்கால்கூடத் தொட்டுப் பார்த்தார், ஐம்பத்தேழு வயது ஆள் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு சோப்பை நக்கிக்கொண்டு நின்றார். யாராவது பார்த்தால் சிரிப்பார்கள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் பக்கத்தில் படுத்திருக்கும்போதே இல்லாததுபோல் இருக்கிறது. மூச்சு கேட்கிறது, கை படுகிறது, ஆனாலும் அந்த இடத்தில் யாரோ அவளை மட்டும் எடுத்துக்கொண்டுபோய்விட்டதுபோல். அதைச் சொன்னால் அவளுக்குப் புரியுமா? அவளே அப்படித்தான் தன்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தால்?

மீட்டிங் என்று சொல்லிவிட்டுக் கோயம்புத்தூர் போய் டாக்டரைப் பார்த்தார். கண்ணை மூடச் சொல்லி ஒவ்வொன்றாக மூக்குக்குக் கீழே வைத்தார், சின்ன வயது டாக்டர், பணிவானவர். "இது?" தெரியலை. "இது?" தெரியலை. கண்ணைத் திறந்து பார்த்தபோது மேஜையில் காப்பித்தூளும் கற்பூரமும் ஆரஞ்சுத் தோலும் இருந்தன, பள்ளிக்கூடத்தில் பெயிலான பையனின் விடைத்தாளைப் பரப்பி வைத்ததுபோல. "திரும்ப வரலாம் சார். சிலருக்கு வராமலும் போகுது. தினம் பயிற்சி பண்ணுங்க. நீங்க என்ன வேலை பார்க்கிறீங்க?" கணக்கு எழுதுகிறேன் என்று சொன்னார். ஏன் அப்படிச் சொன்னார்? அந்த முன்பின் தெரியாத டாக்டரிடமும் தன் மூக்கைக் காப்பாற்றவா? பயிற்சிக்காக நாலு சின்னக் குப்பி, கிராம்பு, எலுமிச்சை, ரோஜா, யூகலிப்டஸ் தைலம், காரின் பெட்டியில் ஒளித்து வைத்திருக்கிறார். காலையில் ஆபீஸுக்குப் போகும் வழியில் வளைவில் வண்டியை நிறுத்தி ஒவ்வொன்றாகத் திறந்து, இது ரோஜா, இது ரோஜா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே முகர்வார். குடும்ப ஜெபத்தில்கூட அவ்வளவு மனம் ஊன்றிக் கேட்டதில்லை. ரோஜா வந்ததில்லை. அதற்குப் பதில் சில நேரம் ஒரு தீய்ந்த வாடை வரும், எங்கும் இல்லாத வாடை, ரப்பரும் முடியும் சேர்ந்து கருகுவதுபோல. கோயிலில் பிரசங்கத்தின் நடுவில் வந்திருக்கிறது, ஹெப்சிபா பரிமாறும்போது வந்திருக்கிறது, சுற்றிப் பார்த்தால் யாருக்கும் ஒன்றும் இல்லை. முதல் தடவை எழுந்து வீடெல்லாம் தேடினார். இப்போது தேடுவதில்லை. மூக்கு இல்லாததுகூடப் பரவாயில்லை, பொய் சொல்லும் மூக்கை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இதோ இப்போதும் வருகிறது. பழத்தை வெட்டிக்கொண்டிருந்த கை நின்றது. தீய்ந்த வாடை. பானையா? தலையைத் திருப்பிப் பார்த்தார், பானை அமைதியாக இருந்தது, மேலே மெல்லிய ஆவி. அதே பழைய பொய்தான். மழை இன்னும் கொட்டிக்கொண்டிருந்தது. தலை லேசாக வலித்தது, ஜன்னல் சாத்திய புழுக்கம் என்று நினைத்துக்கொண்டார். புதன்கிழமை வந்த போனை நினைத்ததாலும் இருக்கலாம். நல்லது என்று அவர் பாஸ் பண்ணிய தேயிலையில் டீசல் வாடை அடிக்கிறது என்று வாங்கினவர் சொன்னார், மரியாதையாகத்தான் சொன்னார், "சார் பார்த்ததுன்னா லாரியிலதான் பட்டிருக்கும்." அவர்களே அவருக்குச் சாக்கும் தேடிக் கொடுத்தார்கள். யாரோ ஒரு லாரி டிரைவர் திட்டு வாங்கியிருப்பான். அந்த டிரைவருக்கு ஒரு முகம் இருக்கும், வீட்டில் யாராவது இருப்பார்கள். திங்கட்கிழமை போய்ச் சொல்லிவிட வேண்டும். சொல்லி? மூக்கு போன டேஸ்டரை வைத்துக்கொண்டு கம்பெனி என்ன செய்யும்? ஒரு மாலை போட்டு, ஒரு சால்வை போர்த்தி, வீட்டுக்கு அனுப்பும். வீட்டில் உட்கார்ந்து எதை முகர்வது? ஞானதுரை யார் என்று கேட்டால் மனிதர்கள் மூக்கைத்தான் தொட்டுக் காட்டுவார்கள். மூக்கை எடுத்துவிட்டால் மிச்சம் இருக்கிறவர் யார்? ஆராதனையில் ஒழுங்காகக் காணிக்கை போடுகிற, சர்க்கரை கொஞ்சம் கூடின, மனைவியோடு பேசத் தெரியாத ஒரு ஆள். அந்த ஆளோடு ஹெப்சிபா மிச்ச வருஷங்களை எப்படிக் கழிப்பாள்? அந்த ஆளை ஜெமி எப்படிப் பார்ப்பாள்? பாவம் அப்பா என்று பார்ப்பாள். வேண்டாம். அந்தப் பார்வை மட்டும் வேண்டாம்.

மழை நின்றது. வந்த மாதிரியே, யாரோ குழாயை அடைத்த மாதிரி. தகரத்திலிருந்து சொட்டுகள் விழும் சத்தம், பிறகு அதுவும் தேய்ந்து, வீடு முழுக்க ஒரு அமைதி உட்கார்ந்தது. அந்த அமைதியில் எதுவோ குறைந்தது. என்னவென்று அவருக்கு உடனே தெரியவில்லை. பேசிக்கொண்டிருந்தவர் பாதியில் எழுந்து போனதுபோல் இருந்தது. பானை. பானை பேசவில்லை. கொதிக்கும் சத்தமே இல்லை. எழுந்து போய் எட்டிப் பார்த்தார், மேலே ஆடை கட்டிக் குமிழி இல்லாமல் கிடந்தது. குனிந்து பானைக்கு அடியில் பார்த்தார். நீல வளையம் இல்லை. பொங்கி வழிந்ததில் அணைந்திருக்கிறது, அட, அப்போதே அணைந்திருக்கிறது, கொதி கெட்டுப்போச்சே, ஜெமி கேட்டால் என்ன சொல்வது என்று ஒரு பக்கம் மனம் ஓட, கை பழக்கத்தில் மேடையிலிருந்த லைட்டரை எடுத்துவிட்டது. கட்டைவிரல் அதன் மேல் உட்கார்ந்துவிட்டது. அப்போதுதான் கண் குமிழைப் பார்த்தது. குமிழ் அரைவாசி திறந்திருந்தது. அவர் திறந்தபடி வைத்திருந்தது. மழை பெய்த நேரம் முழுக்க, அவர் பழம் வெட்டிய நேரம் முழுக்க, சோப்பையும் டாக்டரையும் டிரைவரையும் நினைத்துக்கொண்டிருந்த நேரம் முழுக்க. சாத்திய ஜன்னல்கள். அவர் மூச்சை இழுத்தார், எதுவும் தெரியவில்லை, சுத்தமான காற்று மாதிரி இருந்தது, மலைக்காற்று மாதிரி. கட்டைவிரலை எடுக்க முடியவில்லை. எடுத்தால் அதுவே அமுங்கிவிடுமோ என்று பயமாக இருந்தது. விரல் விரலாக, வேறு யாருடைய விரலையோ பிரிப்பதுபோல் இடது கையால் பிரித்து, லைட்டரைச் சத்தமில்லாமல் துணியின் மேல் வைத்தார். குமிழை மூடினார். கீழே குனிந்து சிலிண்டரையும் மூடினார். கை தானாக எக்ஸாஸ்ட் ஃபேன் சுவிட்சுக்குப் போனது, பாதியில் நிறுத்தினார். சுவிட்சைத் தொடக்கூடாது. எதையும் தொடக்கூடாது. தொட்டிக்கு மேலே இருந்த ஜன்னலின் கொக்கி மறுபடி இறுகிக்கொண்டது, இரும்பு, இரும்பைத் தட்டலாமா, தட்டாமல் இரண்டு கையாலும் இழுத்தார், விரல் கிழிந்தது, திறந்தது. பின்கட்டுக் கதவு. கூடத்து ஜன்னல்கள், ஒவ்வொன்றாக. பிறகு முன்கதவைத் திறந்து வெளிப்படியில் போய் உட்கார்ந்தார், உட்கார்ந்தாரா விழுந்தாரா என்று தெரியவில்லை, படி ஈரமாக இருந்தது. அவள் வந்திருந்தால்? ஒத்திகை சீக்கிரம் முடிந்து, இருட்டாக இருக்கேன்னு உள்ளே வந்து லைட்டைப் போட்டிருந்தால்? எப்போதும் அவள் முதலில் செய்வது அதுதான்.  கீழே பள்ளத்தாக்கில் மேகம் தேயிலைச் செடிகளுக்கு மேலாக ஊர்ந்துகொண்டிருந்தது. அவர் உயிரோடு இருந்தார். அதில் ஒரு சந்தோஷமும் இல்லை, வெறும் ஆச்சரியம்.

கேட் சத்தம் கேட்டது. ஒத்திகை சீக்கிரமே முடிந்து ஹெப்சிபா குடையை உதறிக்கொண்டே வந்தாள், பாட்டுப் புத்தகம் பையில். பாதி வழியில் நின்றாள். முகத்தைச் சுளித்தாள்.

"என்னங்க இது, கேஸ் நாத்தம்? கேட்டு வரைக்கும் அடிக்குதே!"

"அணஞ்சு போச்சு. மூடிட்டேன். ஜன்னல்லாம் தொறந்துட்டேன். லைட்டப் போடாத, உள்ள போகாத."

"எப்ப அணஞ்சுது?"

"மழைக்கு முன்னால."

"மழைக்கு முன்னாலயா?" அவள் அவரையும் திறந்து கிடந்த வாசலையும் மாறி மாறிப் பார்த்தாள். "நீங்க எங்க போயிருந்தீங்க?"

"எங்கயும் போகல. சமையக்கட்டுலதான் இருந்தேன்."

"சமையக்கட்டுலயா இருந்தீங்க? இவ்வளவு நாத்தத்துலயா? நீங்களா?"

அவர் அவளைப் பார்க்காமல், கிழிந்த விரலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "எனக்குத் தெரியல ஹெப்சி. எனக்கு ஒண்ணுமே தெரியல. ஜூன் மாசக் காய்ச்சல்லருந்து மூக்கே இல்ல."

 அவள் ஈரப்படியில், புடவையைப் பற்றிக் கவலைப்படாமல், அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். குடை தானாகச் சரிந்து படியில் உருண்டது. அழுவாள் என்று அவர் நினைத்தார். அவளுக்குக் கோபம்தான் வந்தது.

"இத்தன மாசமா என் கையால சாப்பிட்டுட்டு ஒரு வார்த்த நல்லாருக்கு, நல்லால்லன்னு சொல்லல நீங்க. மீன் குழம்பு வச்சேன், பேப்பரப் பாத்துக்கிட்டே தின்னீங்க. நான் என்னெல்லாம் நெனச்சேன் தெரியுமா? ஜெமிகிட்ட நான் முகங்கொடுத்துப் பேசலன்னு, அவளுக்காக என் மேல மனசு விட்டுப் போச்சுன்னு நெனச்சேன். அந்த மனுசன்கிட்ட என்னன்னு போய்க் கேக்கன்னு ராத்திரி பூரா முழிச்சுக் கெடந்திருக்கேன்."

"அப்படியில்ல."

"அப்படியில்லன்னு இப்ப சொல்லுதீங்க. இன்னைக்கு நீங்க தீக்குச்சி கிழிச்சிருந்தா யார் வந்து சொல்லியிருப்பா அப்படியில்லன்னு?" அவள் குரல் உடைந்தது. வாயைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு பள்ளத்தாக்கைப் பார்த்தாள். அவர் அவள் கையைத் தேடினார். அவள் உடனே கொடுக்கவில்லை, பிறகு கொடுத்தாள்.

"ஆபீஸ்ல தெரியுமா?"

"தெரியாது."

"ஒருத்தருக்குமா தெரியாது?"

"கோயம்புத்தூர் டாக்டருக்குத் தெரியும். அவருக்கு நான் கணக்கு எழுதுறவன்."

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் பரிதாபம் இருக்கும் என்று பயந்திருந்தார். இருந்தது, ஆனால் அவர் பயந்த அளவுக்கு அது அவரைச் சுடவில்லை. "திங்கக்கெழம சொல்லிருங்க," என்றாள். "சொல்றேன்," என்றார். சொல்வார் என்று அவருக்கே தெரிந்தது. "ஜெமிகிட்ட எப்படிச் சொல்லன்னுதான்..." என்று இழுத்தார்.

"ஜெமிகிட்ட நான் சொல்லுதேன்."

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். தான் சொன்னதை அவளே அப்போதுதான் கேட்டதுபோல் இருந்தது. பிறகு எழுந்து வாசலில் தலையை நீட்டி முகர்ந்து பார்த்தாள், கூடத்துக்குள் இரண்டடி வைத்து முகர்ந்தாள், சமையலறை வாசலில் நின்று முகர்ந்தாள். "நாத்தம் போயிட்டு. உள்ள வாங்க," என்று உள்ளிருந்து குரல் கொடுத்தாள். அவர் போனபோது பானைக்கு முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றிருந்தாள். அவள் சமையலறையில், அவள் அடுப்பில், அந்தப் பழுப்புத் தண்ணீர்.

"இது இப்ப என்னாகும்?"

"திரும்பக் கொதிக்க வச்சாச் சரியாயிரும். ஆனா அடி பிடிச்சிருக்கும்னு நெனக்கிறேன், கருப்பட்டி போட்டது. தீஞ்சிருந்தா அந்தத் தீஞ்சது கடைசி வரைக்கும் போகாது, கொட்டிர வேண்டியதுதான். தீஞ்சிருக்கா இல்லையான்னு எனக்கு..."

 ஹெப்சிபா தட்டு அலமாரியிலிருந்து ஒரு சின்னக் கரண்டியை எடுத்தாள். எடுத்து வைத்துக்கொண்டே நின்றாள்.

"இதுல போத இருக்கா?"

"இன்னும் இல்ல. ஈஸ்ட் போட்டு, புளிச்சப்புறந்தான். இப்ப வெறும் பானகம் மாதிரி."

"சத்தியமா?"

"சத்தியமா."

அவள் கரண்டியை முக்கி எடுத்தாள். ஊதினாள். முதலில் முகர்ந்தாள், கண்ணை மூடிக்கொண்டு, கோயிலில் பாட்டுக்கு முன்னால் ஆர்மோனியத்தின் முதல் சுரத்துக்காகக் காத்திருப்பதுபோல நின்றாள். பிறகு வாயில் வைத்தாள். அவள் தொண்டை அசைந்தது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"தீயல," என்றாள்.

"நெசமாவா?"

"தீயலங்க. கசக்குது. முதல்ல இனிக்குது, அப்புறம் கசக்குது. அதுக்கும் அடியில என்னமோ ஒண்ணு கெடக்கு."

"என்னது?"

"தெரியல. இருங்க." மறுபடியும் கரண்டியை முக்கினாள். "அவசரப்படுத்தாதீங்க."

அவர் அவசரப்படுத்தவில்லை. திறந்த ஜன்னல் வழியாகக் குளிர் காற்று வந்துகொண்டிருந்தது. அவள் இரண்டாவது வாயை நாக்கில் வைத்து, நெற்றியைச் சுருக்கி, சொல்லைத் தேடிக்கொண்டிருந்தாள். அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.